மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்

2018 ஜூன் மாதம் தைபேயில் நடந்த கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் இன்டெல் ஓர் அற்புதத்தை நிகழ்த்திக் காட்டியது. 28 கோர் கொண்ட ஒரு பிராசசர். அத்தனை கோர்களும் ஒரே நேரத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடின. அரங்கம் கைதட்டியது. ஆனால் பத்திரிகைக்காரர்கள் சிலருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள். அங்கே ஒரு குதிரைத்திறன் கொண்ட சில்லர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. பெரிய மீன் தொட்டிகளின் தண்ணீரைக் குளிர்விக்க விற்கிறார்களே, அந்த ரகம்.

மேடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டபோது, ஓவர்கிளாக் செய்த விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டோம் என்று விளக்கம் வந்தது. மறதி யாருக்குத்தான் இல்லை? உலகமே பார்க்கும் மேடையில் சொல்ல வேண்டியதை மறந்தார்கள். சில்லரைக் கண்ணில் படாத இடத்தில் வைக்க மட்டும் மறக்கவில்லை. அந்த 28 கோர் சிப் 2019 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது அடிப்படை வேகம் 3.1, உச்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ். விலை 2,999 டாலர். மீன் தொட்டிச் சில்லர் தனி.

‘இன்டெல் வாங்கலாமா, ஏஎம்டி வாங்கலாமா?’ என்று கேட்கிறவர்கள் வருடாவருடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் போனில் ஒரு பட்டை வரைபடம் தயாராக இருக்கும். நீளப் பட்டை நல்லது, குட்டைப் பட்டை கெட்டது, அவ்வளவுதான் ஞானம். அந்தப் பட்டையை வரைந்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஏனென்றால் இந்தத் தொழிலில் கேள்வித்தாள் தயாரிப்பவரும் தேர்வு எழுதுபவரும் திருத்தி மார்க் போடுபவரும் ஒரே ஆள். பக்கத்து பெஞ்சுக்காரனின் பேனாவைப் பிடுங்கி ஒளித்து வைக்கும் சலுகையும் அவருக்கு உண்டு.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் அதே 2018இன் அக்டோபருக்கு வாருங்கள். ஐ9-9900கே வரப்போகிறது. விமர்சகர்கள் குறிப்பிட்ட தேதிவரை வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மௌன நாட்களில், இன்டெல் காசு கொடுத்து பிரின்சிபில்டு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்திடம் செய்துவாங்கிய ஒப்பீடு மட்டும் ஊருக்குள் உலா வந்தது. எதிரில் நின்றது ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ், எட்டு கோர். சோதித்தவர்கள் அதில் ‘கேம் மோடு’ என்ற பொத்தானை அழுத்தியிருந்தார்கள். விளையாட்டுச் சோதனைக்கு விளையாட்டு மோடு, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தான் அந்தச் சிப்பில் செய்யும் வேலை, எட்டில் நான்கு கோர்களை அணைத்துப்போடுவது. போதாததற்கு இன்டெல் சிப்பின் தலையில் தனியாக வாங்கிய பெரிய நோக்டுவா கூலர், ஏஎம்டி தலையில் பெட்டியோடு இலவசமாக வந்த கூலர். பாதி உயிரோடு நின்றவனை முழு உயிரோடு இருந்தவன் தோற்கடித்துவிட்டான் என்று தண்டோரா போட்டார்கள். யூடியூப் விமர்சகர்கள் குட்டை உடைத்த பிறகு மறுசோதனை நடந்தது, திருத்திய எண்கள் வந்தன, இடைவெளி சுருங்கியது. முன்பதிவு அதற்குள் அமோகமாகத் தொடங்கியிருந்தது.

ஏஎம்டி ரசிகர்கள் இந்த இடத்தில் விசிலடிப்பார்கள். கொஞ்சம் உட்காருங்கள் தம்பிகளே, உங்கள் அண்ணன் கதைக்கும் வருகிறேன்.

2024 ஜூன், அதே தைபே, அதே கண்காட்சி. 2020ஆம் ஆண்டுத் தொழில்நுட்பத்தைத் தூசு தட்டி, ரைசன் 9 5900எக்ஸ்டி என்று புதுப்பெயர் சூட்டிக் கொண்டுவந்தது ஏஎம்டி. விளையாட்டுகளில் இது இன்டெல் ஐ7-13700கேவுக்குச் சளைத்ததல்ல, ஒரு படி மேலேகூட என்று காட்டியது வரைபடம். இரண்டு தலைமுறை இளையவனைக் கிழவன் எப்படிப் பிடித்தான்? அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் பதில் இருந்தது. சோதனைக்கு மாட்டிய கிராஃபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 6600. சிக்கன விலைக் கார்டு. ஒரு விளையாட்டில் ஒவ்வொரு காட்சியையும் பிராசசர் தயார் செய்து கொடுக்க, கார்டு அதை வரைய வேண்டும். வரைகிற கார்டு மெதுவானதாக இருந்தால், தயார் செய்கிற பிராசசர் கெட்டிக்காரனாக இருந்தாலும் மந்தமானவனாக இருந்தாலும் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதுதான். இருவருக்கும் ஒரே மார்க் வரும். எல்லோரும் நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கும்படி தாள் எழுதிவிட்டு, கடைசி பெஞ்சுக்காரன் முதல் பெஞ்சுக்காரனுக்குச் சமமாகிவிட்டான் என்று விழா எடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் எடுத்தார்கள்.

சரி, நடுநிலைச் சோதனைத் தளங்கள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. யூசர்பெஞ்ச்மார்க் என்று ஒன்று உண்டு. இரண்டு பிராசசர்களின் பெயரைப் போட்டுத் தேடினால் வரிசையின் தலையிலேயே வந்து உட்காரும். 2019இல் ரைசன் 3000 வரிசை வந்து இறங்கி, பல கோர் வேலைகளில் இன்டெலைத் துவைத்து எடுத்த சில வாரங்களில், அந்தத் தளத்துக்குத் திடீரென்று ஞானோதயம் உண்டானது. மொத்த மதிப்பெண்ணில் பல கோர் திறனுக்கு இருந்த 10 சதவீதப் பங்கை 2 சதவீதமாக வெட்டியது. விளைவு, இன்டெலின் சொந்தச் சிப்பான 18 கோர் ஐ9-9980எக்ஸ்இயைவிட நான்கு கோர் ஐ3-9350கேஎஃப் மேலே ஏறி உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுக்காரனைத் தோற்கடிக்கும் அவசரத்தில் சொந்த வீட்டுப் பெரியவரையே தள்ளிவிட்டார்கள். அந்தப் பெரியவரின் விலை சுமார் 2,000 டாலர்.

இந்தத் தில்லுமுல்லுகளுக்கெல்லாம் தாய் ஒன்று உண்டு, போட்டியே இல்லாத காலம். 2011 ஜனவரியில் ஐ7-2600கே: நான்கு கோர், 317 டாலர். 2017 ஜனவரியில் ஐ7-7700கே: நான்கு கோர், 339 டாலர். இடையில் ஆறு ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் புதுத் தலைமுறை, புதுப் பெட்டி, அடிக்கடி புது மதர்போர்டு. கோர் மட்டும் அதே நான்கு. நான்குக்கு மேல் சாதாரண மனிதனுக்கு எதற்கு என்று கேட்டார்கள். எட்டு கோர் வேண்டும் என்று அடம்பிடித்த கோடீஸ்வரர்களுக்கு ஐ7-6900கே என்று ஒன்று 1,000 டாலருக்கு மேல் விற்றார்கள். 2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசன் 7 1700ஐ இறக்கியது. எட்டு கோர், 329 டாலர். அதே அக்டோபரில் இன்டெலிடமிருந்து ஆறு கோர் ஐ7-8700கே 359 டாலருக்கு வந்து நின்றது. ஆறு வருடமாக இயற்பியல் விதிகள் தடுத்துக்கொண்டிருந்ததை ஏழு மாதத்தில் போட்டி சாதித்துவிட்டது! அந்தச் சிப்புக்கும் ஒரு காணிக்கை இருந்தது. முந்தைய போர்டிலும் 1151 பின் சாக்கெட், புதிய போர்டிலும் 1151 பின் சாக்கெட், ஆனாலும் பழைய போர்டில் ஓடாது, புதியது வாங்கு என்றார்கள். கைவேலை தெரிந்த சில பையன்கள் பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். தொழில்நுட்பத் தடை எவ்வளவு பெரியது என்று அப்போது தெரிந்தது.

அந்த நாட்களில் ஏஎம்டி ஏழைப் பங்காளன். கேட்காமலே கூலர் தரும், ஒரே சாக்கெட்டில் வருடக்கணக்கில் ஓட்டிக்கொள் என்று சொல்லும். எல்லாம் பின்னால் இருக்கும்வரைதான். 2020 நவம்பரில் ரைசன் 5000 வந்து முதலிடம் உறுதியானதும் பங்காளன் பண்ணையாராகிவிட்டார். எல்லா மாடலிலும் 50 டாலர் ஏற்றம். முந்தைய 3600எக்ஸ் 249 டாலர், புதிய 5600எக்ஸ் 299. உலகமே வாங்கிப் போட்ட 199 டாலர் ரகத்துக்கு வாரிசு எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒன்றரை வருடம் பதிலே இல்லை. 2022 ஜனவரியில் இன்டெல் ஐ5-12400ஐ 200 டாலருக்குள் விற்கத் தொடங்கிய பிறகு, ஏப்ரலில் 5600 என்ற 199 டாலர் சிப் சட்டென்று பிறந்தது. அதற்கு முன் 2020 மே மாதத்தில், பி450 போர்டு வைத்திருப்பவர்களுக்கு அடுத்த பிராசசர் கிடையாது என்று அறிவித்து, வாங்கிய வசவைத் தாங்காமல் இரண்டு வாரத்துக்குள் சரி, உண்டு என்று பின்வாங்கிய கதையும் இருக்கிறது. கருணை எந்தக் கம்பெனியின் சிப்பிலும் அச்சிடப்படுவதில்லை. பின்னால் ஓடுகிறவன் மரியாதையாகப் பேசுவான், அவ்வளவுதான்.

பெயர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். கே, கேஎஃப், கேஎஸ், எஃப், டி. அந்தப் பக்கம் எக்ஸ், எக்ஸ்டி, எக்ஸ்3டி, ஜி. 2021இல் ஐ9-11900கே என்று ஒன்று வந்தது, எட்டு கோர். முந்தைய வருடத்து 10900கேவில் பத்து. பத்தைவிட எட்டு பெரியது, ஏனென்றால் பெட்டியில் 11 என்று போட்டிருக்கிறது. ஏஎம்டி 2019இன் ஜென் 2 கட்டமைப்பை லேப்டாப் சிப்பில் ரைசன் 5 7520யு என்று 7000 வரிசையில் விற்றது. இதைக் கிண்டலடித்து, பழைய சரக்கைப் புதுப்பெயரில் விற்கிறார்கள் என்று 2023 டிசம்பரில் இன்டெல் ஒரு விளக்கப்படமே வெளியிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவர்களே 13ஆம் தலைமுறையை எடுத்து 14 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். விளக்கப்படம் சத்தமில்லாமல் காணாமல் போனது.

சிரித்தது போதும். இனி வருவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஐ9-13900கே 2022 அக்டோபரில் 589 டாலருக்கு வந்தது. ஐ9-14900கே 2023 அக்டோபரில் அதே 589. அதே 24 கோர்கள். வித்தியாசம் என்ன? உச்ச வேகம் 5.8லிருந்து 6. இந்த 0.2க்காக ஒரு தலைமுறை எண்ணைச் செலவழித்தார்கள். வேகத்தை ஏற்ற மின்னழுத்தம் ஏற வேண்டும். மின்னழுத்தம் ஏறினால் சூடு ஏறும், சிப்புக்குள் தேய்மானம் ஏறும். இது பள்ளிக்கூடப் பாடம். அதிகாரபூர்வ உச்சமே 253 வாட். மதர்போர்டு கம்பெனிகளோ விமர்சனங்களில் தங்கள் போர்டு ஓர் அங்குலம் முன்னால் தெரிய வேண்டுமென்று அந்த வரம்பையும் கழற்றிவிட்டே போர்டுகளை அனுப்பின. வரம்பைக் கழற்றிய அந்த ஓட்டத்தில்தான் நீளப் பட்டைகள் பிறந்தன. அவற்றைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்கினார்கள்.

பிறகு சிப்புகள் சாகத் தொடங்கின. ஒரேயடியாகச் செத்தால்கூட நிம்மதி. இவை மெல்லப் பைத்தியம் பிடித்துச் செத்தன. விளையாட்டு பாதியில் நின்றது. ஃபைலை விரித்தால் பிழை. திரையில் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வந்ததால் ஆயிரக்கணக்கானோர் நல்ல கிராஃபிக்ஸ் கார்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். ரேமை மாற்றினார்கள், பவர் சப்ளையை மாற்றினார்கள், விண்டோஸை அழித்து மறுபடி போட்டார்கள். கடைசியில் என்விடியாவே, இந்தப் பிராசசர் வைத்திருப்பவர்கள் இன்டெலைப் போய்க் கேளுங்கள் என்று கைகாட்டியது. 2024 ஏப்ரலில் இன்டெல் மதர்போர்டு அமைப்புகளை நோக்கி விரலை நீட்டியது. ஜூலை 22 அன்றுதான் ஒப்புக்கொண்டது: தங்கள் மைக்ரோகோடே தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றும் வெளியே வந்தது. 13ஆம் தலைமுறையின் ஆரம்பச் சிப்புகள் சிலவற்றில் உற்பத்தியிலேயே ஆக்சிஜனேற்றக் கோளாறு இருந்திருக்கிறது. 2023இலேயே ஆலையில் சரிசெய்தும்விட்டார்கள். வாங்கியவர்களிடம் சொல்வதற்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட்டில் திருத்தம் வந்தது. இனிமேல் கெடாமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைக் குணமாக்காது. உத்தரவாதம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. திரும்பப் பெறும் அறிவிப்பு கிடையாது. ஓர் அழுத்தக்குக்கரில் இப்படி ஒரு கோளாறு என்றால் கடையை இழுத்து மூடியிருப்பார்கள். ஏஎம்டியும் இதே மடத்தனத்தின் சிறு பதிப்பை 2023 ஏப்ரலில் அரங்கேற்றியது. ரைசன் 7000எக்ஸ்3டி சிப்புகள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. போர்டுகள் அள்ளிக் கொடுத்த அழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று பூட்டுப் போட்டது அதன் பிறகுதான். அதே வரிசையின் 7800எக்ஸ்3டி 449 டாலருக்கு, இன்டெலின் 253 வாட் உலைக்கு ஆகும் மின்சாரத்தில் ஒரு பகுதியை மட்டும் குடித்து, பெரும்பாலான விளையாட்டுகளில் அதை முந்தியது. அது உண்மை, மறுப்பதற்கில்லை.

எனக்குக் கோபம் கம்பெனிகள்மீது பாதிதான். மீதிப் பாதி, சம்பளமில்லாமல் இவர்களுக்குக் கொடி பிடிக்கும் கூட்டத்தின்மீது. சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று தெருச்சண்டை. 2017இல் ஏஎம்டியின் சர்வர் சிப்பைப் பார்த்து, டெஸ்க்டாப் சிப்புகளைப் பசை போட்டு ஒட்டியது என்று இன்டெல் ஏளனம் செய்தது. 2007இல் தன் சொந்தக் கோர் 2 குவாட் இரண்டு சிப்புகளை ஒரே பொட்டலத்தில் ஒட்டியது என்பது அப்போது நினைவில்லை. முன்பே சொன்னேனே, மறதி. நீலக் கட்சிக்காரர்கள் பசை பசை என்று கூவினார்கள். 2024 அக்டோபரில் இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே வந்தது. பல துண்டுகளை ஒட்டிய சிப். அதன் கணிப்புத் துண்டைச் செய்தது தைவானின் டிஎஸ்எம்சி. ரைசனைச் செய்வதும் டிஎஸ்எம்சி. ஒரே ஆலையில் பிறந்த இரண்டு சிப்புகளுக்காக இங்கே மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோயிருக்கிறது. விளையாட்டுகள் பலவற்றில் அந்தப் புதிய சிப் தன் சொந்த அண்ணன் 14900கேவையே தாண்டவில்லை. புது சாக்கெட் மட்டும் கட்டாயம்.

காசுக்கேற்ற மதிப்பு என்று ஒரு கணக்கு போடுகிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். வரி சேராத டாலர் விலையை மார்க்கால் வகுப்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்குகிறவன் கொடுப்பது ரூபாய், அதில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. போர்டு, ரேம், கூலர் விலையெல்லாம் அந்த வகுத்தலில் சேராது. கல்யாண வீடியோ எடிட் செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கேமராக்கள் பல 10 பிட் 4:2:2 ஹெச்இவிசியில் பதிவு செய்கின்றன. அதை டைம்லைனில் திக்காமல் ஓட்ட, இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸின் குவிக் சிங்க் வருடக்கணக்காகக் கைகொடுத்தது. என்விடியா கார்டுகளில் அந்த வசதி 2025இல் வந்த 50 வரிசையில்தான் எட்டிப் பார்த்தது. விளையாட்டுச் சோதனையில் எந்தப் பட்டை நீளம் என்பது அவருக்குத் தேவையே இல்லாத விஷயம். அவருக்கு இன்டெல்தான் சரி என்று சிவப்புக் கட்சிக்காரன் சொல்ல மாட்டான். கடையில் வேறு ஆபத்து. “சார், தனியா கார்டு போடத்தானே போறீங்க? எஃப் மாடல் எடுத்துக்குங்க, காசு மிச்சம்” என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. எதற்காக இன்டெல் வாங்க வந்தாரோ அதையே கழற்றி வைத்துவிட்டு, மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அவர் வீடு திரும்புவார்.

“பாக்ஸ் இல்லண்ணே, ட்ரே பீஸ். அதே சிப்புதான், இன்னும் கம்மி” என்பது அடுத்த அன்பு. ட்ரே பீஸ் கெட்டால், வாங்கின இடத்திலேயே போய்க் கேளுங்கள் என்பார்கள். ஐந்து ஆண்டு நீட்டிப்பெல்லாம் அந்தக் கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் என்ன ஆகும் என்பது கடைக்காரரின் நல்ல மனசைப் பொறுத்தது.

நீதிமன்றம் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எட்டு கோர் என்று விற்ற புல்டோசர் சிப் உண்மையில் எட்டு கோரா என்று 2015இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 2019இல் 1.21 கோடி டாலருக்கு ஏஎம்டி சமரசம் செய்துகொண்டது. இன்டெல் கதை இதைவிட நீளம். பென்டியம் 4 ஏஎம்டியைவிட வேகமாகத் தெரிய வேண்டுமென்று பெஞ்ச்மார்க்கையே வளைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களும் ஒப்புக்கொள்ளவில்லை, சமரசம்தான். 2000 நவம்பருக்கும் 2002 ஜூனுக்கும் இடையில் பென்டியம் 4 கணினி வாங்கியவர்களுக்கு 2014இல் இழப்பீடு அறிவித்தார்கள். தலைக்கு 15 டாலர். விண்ணப்பிக்க அமெரிக்காவில் வசிக்க வேண்டும், அதிலும் இல்லினாய் மாநிலத்தில் வசிக்கக் கூடாது. 2022இல் 13900கே வாங்கியவர்கள் இதே கணக்கில் 2034வரை பில்லைப் பத்திரமாக வைத்திருக்கலாம், பில் கொடுத்திருந்தால்.